காப்புக்குள் போட்ட மெஷ்

எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு யாரும் மலை இறங்கக் கூடாது. கட்டுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் நின்றாலும் கட்டுப்பாடு அவர்களுக்கும் சேர்த்துத்தான். கீழே சமவெளி ஊர்களில் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இரவு வெளியே தங்காமல் திரும்பினால் போதும் என்பார்கள். நாங்கள் அம்மன் விஷயத்தில் ஒரு படி மேலே. இறங்கவே கூடாது. ஏன் என்று கேட்டால் 'அப்படித்தான்' என்பார்கள். கேட்டவளை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும் போய் மாட்டிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மீதே கோபம் கோபமாக வருகிறது.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு சின்ன டிசைன் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளுக்கும் டேங்கர் செய்கிறவர்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கிற இடம். ஒரு இரும்புத் துண்டு எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே விரிசல் விடும் என்பதை, அதைச் செய்து ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் சொல்லிவிடலாம். அதற்கு முதலில் அந்தத் துண்டின் படத்தைச் சின்னச் சின்னக் கூறுகளாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டி வைத்ததற்குப் பெயர்தான் மெஷ். ஒவ்வொரு கூறுக்கும் கணக்குப் போட்டு எல்லாவற்றையும் சேர்த்தால் முழுத் துண்டின் நிலவரம் தெரிந்துவிடும். கூறு பெரிதாக இருந்தால் விடை தப்பாக வரும். ரொம்பப் பொடியாக இருந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். எங்கே பெரிது, எங்கே பொடி என்று பார்த்து வெட்டுவதுதான் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. இதை அடக்கமாகச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது?

ஆபீசில் ஜன்னல் ஓரமாக எனக்கு ஒரு மேஜை இருந்தது. பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவேன். சாயந்திரம் மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, நின்றுகொண்டே ஒரு டீ குடிப்பேன். எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. இதற்குமேல் எனக்குப் பெரிய ஆசைகள் இருந்ததில்லை. ஆனால் இந்த மேஜையும் கட்டிலும் போனால் என் கதை முடிந்தது என்று தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா சொல்லியிருந்தார்: "வேலை இருக்கற வரைக்கும் கீழ இரு சாமி. வேலை இல்லீன்னு ஆச்சுன்னா அடுத்த பஸ்ஸுல ஏறிரோணும்."

அப்பா அடிக்கிறவரோ திட்டுகிறவரோ அல்ல. மிளகும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளியும் போடுகிற சாதாரண மனுஷன். நான் பள்ளிக்கூடம் போவதற்காக எத்தனையோ வருஷம் தினமும் இரண்டு மைல் என்னோடு நடந்தவர். வாரம் தவறாமல் போன் செய்து, "எப்ப சாமி ஊட்டுக்கு வாரே?" என்பார். போன மாசம்தானே வந்துவிட்டுப் போனேன் என்றால், "அது வந்துட்டுப் போறது. நான் கேக்கறது வந்து இருக்கறது" என்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் காப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் இறங்கிவிடலாம் என்று திட்டம் போட்டேன். காப்பு எப்போதும் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் கட்டுவார்கள். அதற்குள் நான் அடிவாரத்தைத் தாண்டியிருப்பேன். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு காலையிலிருந்தே மேகம் தாழ இறங்கிக் கிடந்தது. சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டால் காப்போடு சேர்த்துக் கோயிலில் கம்பம் நட முடியாது என்று பூசாரி நேரத்தை முன்னால் இழுத்துவிட்டார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டார்களா, வேண்டுமென்றே சொல்லவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொட்டுச் சத்தம் கேட்டபோது நான் பையும் கையுமாக ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லைக் கல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். முதல் அடிக்கே ஓடியிருந்தால் தாண்டியிருக்கலாம். இன்ஜினியருக்குப் படித்த பெண் கொட்டுக்குப் பயந்து ஓடினாள் என்று பேச்சு வரும் என நினைத்து, வீம்புக்கு நின்றேன். கொட்டு அடித்து ஓய்ந்தது. காப்புக் கட்டியாகிவிட்டது.

பஸ் இருபது நிமிஷம் கழித்து வந்தது. கண்டக்டர் பக்கத்து ஊர்க்காரர். படியில் கால் வைத்தேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"ஏறாத கண்ணு. கொட்டு கேட்டுச்சில்ல?"

"நாளைக்கு ஆபீஸ் இருக்குதுங்கண்ணா."

"ஆபீஸ் எங்கயும் ஓடிராது. அம்மன் கோவிச்சுக்கிச்சுன்னா எழுவது வளைவுலயும் வண்டி ஓட்டறது நாங்கதான?"

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் ஜன்னல் வழியாக, "எட்டே நாளு, அம்மாகாரி கையில சாப்பிட்டுட்டு வா சாமி" என்று ஆறுதல் சொன்னாள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

நடந்தே இறங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அம்மன் மேல் பயமில்லை, ஊர் மேல்தான் பயம். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருவர் காப்புக்குள் மலை இறங்கினார். அந்த மாசம் ஊரில் இரண்டு மாடு செத்தது. அவர் இறங்கியதற்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குத் திருப்பூருக்குப் போய்விட்டார். பேச்சு வாங்கியதெல்லாம் அவர் மனைவி. தண்ணீர் பிடிக்கப் போனாலும் விறகுக்குப் போனாலும் அந்தப் பேச்சுதான். நான் இறங்கினால் அதெல்லாம் என் அம்மாவுக்கு வரும்.

சார் என்று நாங்கள் கூப்பிடும் ஆபீஸ் முதலாளிக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு மேலே கிழங்குக் காட்டைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஏறினால்தான் சிக்னல்.

"ஏம்மா, ஜுரம், வயித்து வலின்னு சொன்னாக்கூட ஒத்துக்குவேன். காப்புக் கட்டிட்டாங்கன்னு எட்டு நாள் லீவு கேக்கறது இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்" என்றார். அவர் கோபப்பட்டதிலும் நியாயம் இருந்தது. டேங்கரை லாரியின் சட்டத்தோடு பிடித்து நிறுத்துகிற பிராக்கெட் ஒன்று வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. ஏன் என்று கண்டுபிடித்து வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ஆபீசில் அந்த வேலை தெரிந்தவள் நான் மட்டும்தான்.

"போன வாரம் ஒருத்தர் வேலை கேட்டு வந்துட்டுப் போனாரு. அனுபவம் உள்ளவரு. நாளைக்கு வாங்கன்னா நாளைக்கே உன் சீட்ல உக்காந்துக்குவாரு" என்றார்.

"சார், நான் இங்கிருந்தே முடிச்சுத் தாரேன். வெள்ளிக்கிழமை கைக்கு வந்துரும்."

"எதை வெச்சு? சாஃப்ட்வேர் இங்க இருக்குது."

அதுதான் சங்கடம். ஆபீசில் மெஷ் போடுகிற மென்பொருள் விலை கூடியது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். பென் டிரைவ் மாதிரி ஒரு சாவியை அதில் செருகினால்தான் திறக்கும். சாவி நாமக்கல்லில். நான் பாறை மேல். "இலவசமா கெடைக்கறதை வெச்சுப் பண்றேன் சார்" என்றேன். அவர், "வெள்ளிக்கிழமை வரலீன்னா நான் அவரைக் கூப்பிட்டுருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்று வைத்துவிட்டார். என் மேஜையும் கட்டிலும் அந்தப் பிராக்கெட்டில் தொங்கின.

என்னிடம் இருந்தது கல்லூரிக் காலத்து லேப்டாப். அதில் கணக்குப் போடுகிற இலவச மென்பொருள் ஒன்று ஏற்கெனவே கிடந்தது. மெஷ்ஷை வெட்டிக் கொடுத்தால் போதும், அழுத்தத்தை அது கணக்குப் பண்ணிவிடும். வெட்டித் தருவதற்குத்தான் ஆள் தேவை. திங்கள்கிழமை காலையில் பாறை மேல் ஏறி உட்கார்ந்து தேடினேன். மூன்று கிடைத்தன. மூன்றுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். சொல்லாமல் விடுகிறேன்.

முதலாவதில் இல்லாதது எதுவும் இல்லை. எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். வெட்டியது சரியா என்று அதுவே சோதித்துக் காட்டும். ஆபீசில் இருந்ததைவிட நன்றாகக்கூட இருந்திருக்கும். ஆனால் டவுன்லோடு செய்து இறக்க வேண்டிய அளவு பெரிது. பாறையில் வருகிற சிக்னலுக்கு அது அடுத்த காப்புக்குத்தான் இறங்கி முடியும். முக்கால் மணி நேரம் நம்பிக்கையோடு பார்த்துவிட்டு நிறுத்தினேன்.

இரண்டாவது, படம் வரைகிற மென்பொருள் ஒன்றுக்குள்ளேயே இருப்பது. அதன் பழைய பதிப்பு என் லேப்டாப்பில் இருந்ததால் ஆசையாகத் திறந்தேன். சார் அனுப்பிய படத்தைப் போட்டு ஒரு பட்டனை அழுத்தினால் வெட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழைய பதிப்பு எல்லா இடத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெட்டியது. எனக்கு வெல்டிங் ஓரம் பொடியாக வேண்டும், மற்ற இடம் பெரிதாக இருந்தால் போதும். வெல்டிங்குக்காகப் பொடியாக்கினால் மொத்தப் பிராக்கெட்டும் பொடியானது. லேப்டாப் உறுமிக்கொண்டே இருந்துவிட்டு உறைந்து போனது. மறுபடி போட்டேன், மறுபடி உறைந்தது. திங்கள்கிழமை அதோடு முடிந்தது.

மூன்றாவது சின்னது. ஒரு சினிமாப் பாட்டைப் பார்க்கிற நேரத்தில் இறங்கிவிட்டது. நிறுவக்கூட வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே இருக்கிறது, திறந்துகொள்கிறது. நான் வைத்திருந்த கணக்கு மென்பொருளுக்குப் புரிகிற வடிவத்திலேயே எழுதியும் கொடுக்கும். ஆனால் நமக்கு வேண்டியதை வரி வரியாக எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர், இங்கிருந்து இவ்வளவு தூரம் போகப் போகப் பெரிதாகி இருபது, என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் பட்டனிலேயே வளர்ந்தவள். வேறு வழியில்லாமல்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் யாராவது 'எப்படித் தேர்வு செய்தாய்' என்று கேட்டால் பெரிய காரணங்களெல்லாம் சொல்லுவேன். உண்மையான காரணம் சிக்னல்.

ஊருக்குள் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. காப்பு நாளில் செருப்புப் போடக் கூடாது. வெறுங்காலோடு லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் பாறை ஏறுவதைக் கிழங்குக் காட்டில் களை எடுத்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பையனோடு பேசுகிறாள் என்பது முதல் பேச்சு. திரும்பத் திரும்ப ஒரு இரும்புத் துண்டின் படத்தையே பார்க்கிறாள், புத்தி பிசகிவிட்டது என்பது இரண்டாவது. அம்மா முதல் பேச்சுக்குக் கவலைப்பட்டாள், இரண்டாவதற்கு நிம்மதியானாள்.

அப்பாதான் ஒரு கேள்வியும் கேட்காமல் எனக்கு உதவினார். செவ்வாய்க்கிழமை நான் போனபோது பாறை மேல் நான்கு மூங்கிலை நட்டு, தகரம் போட்டு நிழல் கட்டியிருந்தார். பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் இரண்டு கிளையைக் கழித்துவிட்டிருந்தார். "கெளை மறைக்குதுன்னு நெனச்சேன். இப்ப எப்படி வருதுன்னு பாரு" என்றார். நிஜமாகவே ஒரு கோடு கூடுதலாக வந்தது. எனக்கு வந்தது சந்தோஷமா எரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மெஷ் வெட்ட விட்டால் முடிவே இல்லாமல் வெட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம்தான் காரணம் தெரிந்தது. பட்டறைக்காரர் படத்தில் பிராக்கெட்டின் நடுவில் தன் பட்டறைப் பெயரை எழுத்து எழுத்தாகச் செதுக்கி வைத்திருந்தார். எழுத்துக்கு எத்தனை சுழி, எத்தனை வளைவு! மென்பொருளுக்கு அது பெயர் என்று தெரியுமா? ஒவ்வொரு சுழியையும் பயபக்தியோடு ஆயிரம் கூறாக நறுக்கிக்கொண்டிருந்தது. விரிசல் விடுகிற பிராக்கெட்டில் எதற்கய்யா உங்கள் பெயர் என்று பாறை மேல் நின்று சத்தமாகவே கேட்டேன். எழுத்தை எல்லாம் வழித்து எடுத்ததும் மூன்று நிமிஷத்தில் மெஷ் வந்தது.

வந்த மெஷ் அழகாக இருந்தது. கணக்கு மென்பொருளில் கொண்டுபோய்ப் போட்டால், 'ஒன்றுமே இல்லையே' என்று சொன்னது. செவ்வாய் சாயந்திரமும் புதன் காலையும் அதிலேயே போனது. கண்ணுக்கு முன்னால் முழுப் பிராக்கெட் தெரிகிறது, எழுதிய கோப்பில் அது இல்லை. போல்ட் மாட்டுகிற ஓட்டைகளும் பாரம் விழுகிற முகமும் மட்டும் இருந்தன.

புதன்கிழமை பதினோரு மணிக்கு லேப்டாப்பை மூடினேன். போதும் என்று ஆகிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பழைய ஒற்றையடிப் பாதை பிடித்தால் அரை நாள் நடையில் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கலாம் என்பார்கள். அங்கிருந்து துறையூர், துறையூரிலிருந்து நாமக்கல். ராத்திரிக்குள் ஆபீஸ், சாவி, என் மேஜை. யாரிடமும் சொல்லாமல் நடந்தேன். கடைசிக் காட்டைத் தாண்டி எல்லைக் கல் வரை போனேன். ஒரு அடி எடுத்து வைத்தால் வெளியே. அந்த இடத்தில் ஒரு அம்மாள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். "எங்க கண்ணு இந்தப் பக்கம்?" என்றவள், நான் பதில் சொல்வதற்குள், "எங்கூட்டுப் பேத்திக்கு வெடியக்காலத்துலருந்து காச்சலு. எவ எல்லை தாண்டுனாளோ தெரியல" என்றாள். சும்மா சொன்னாளா, என்னைப் பார்த்துச் சொன்னாளா தெரியவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டேன். கம்பி வேலி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. ஒரு கல்லுதான். அதைத் தாண்ட என் கால் வரவில்லை. மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. அந்த அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

வீட்டில் அம்மா களியும் தாளிக்காத கீரைக் குழம்பும் வைத்தாள். காப்பு முடிகிற வரை எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. நான் எங்கே போயிருந்தேன் என்று அவள் கேட்கவில்லை. என் காலில் இருந்த சேற்றைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சாப்பிட்டுவிட்டு, போக வேறு இடம் இல்லாததால், மறுபடி பாறைக்குப் போனேன்.

போக வழியில்லாதவளுக்குப் பொறுமை தானாக வந்துவிடும் போலிருக்கிறது. அந்த மென்பொருளின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் படித்தேன். நாலு மணி வாக்கில் ஒரு சின்ன வரி கண்ணில் பட்டது. எந்தப் பாகத்துக்கும் பெயர் வைக்காவிட்டால் எல்லாவற்றையும் எழுதும். ஒரே ஒரு பாகத்துக்குப் பெயர் வைத்தாலும், அதன்பிறகு பெயர் வைத்ததை மட்டும்தான் எழுதும். நான் ஓட்டைகளுக்குப் பெயர் வைத்திருந்தேன், பாரம் விழுகிற முகத்துக்குப் பெயர் வைத்திருந்தேன், மொத்த உடம்புக்குப் பெயர் வைக்கவில்லை. ஒரு வரி சேர்த்தேன். பிராக்கெட் முழுசாகக் கோப்புக்குள் வந்துவிட்டது. இதற்காகவா ஒரு நாள் போனது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கணக்கு ஓடியது. ஆனால் விடையை நம்ப முடியவில்லை. விரிசல் விடுகிற மூலையில் கூறுகளைப் பாதியாகக் குறைத்தேன், அழுத்தம் ஏறியது. இன்னும் பாதியாக்கினேன், இன்னும் ஏறியது. சரியான மெஷ் என்றால் ஒரு கட்டத்துக்குமேல் பொடியாக்கினாலும் விடை அசையாமல் நிற்க வேண்டும். இது நிற்கவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. படத்தில் அந்த மூலை கத்தி முனை மாதிரி கூர்மையாக வரையப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட மூலையில் இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் நிலைக்கு வராது. நிஜ பிராக்கெட்டில் அங்கே வெல்டிங் வழிந்து ஒரு சின்ன வளைவு இருக்கும். விரிசல் விட்ட துண்டின் போட்டோவை ஆபீசிலிருந்து வாங்கி, அளவு பார்த்து, அந்த வளைவைப் படத்தில் சேர்த்தேன். மறுபடி வெட்டினேன். இரண்டு மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் விடை கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து நின்றது.

நின்ற இடத்தில் கோளாறும் தெரிந்தது. தகடு மெல்லிசு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது காரணமே இல்லை. முட்டுக்கொடுக்கிற சின்னத் தகடு சரியாக வெல்டிங் மேலேயே வந்து முடிந்தது. பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் போய் இடித்தது. அந்த முட்டுத் தகட்டை நாலு விரல் தள்ளி முடித்தால் போதும். தள்ளி வரைந்து ஓட்டிப் பார்த்தேன். அழுத்தம் பாதிக்குக் கீழே இறங்கியது. பாறை மேல் தனியாக நின்று கையைத் தட்டினேன். இரண்டு பேர் களை எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை தட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். அனுப்பியதோடு நிறுத்தியிருக்கலாம். ரிப்போர்ட்டுக்கு மேலே ஒரு கடிதமும் எழுதினேன். மென்பொருளை எங்கிருந்து இறக்குவது, எப்படித் திறப்பது, பெயர் வைப்பதில் என்ன கவனம் வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு ஒழுங்காக எழுதி இணைத்தேன். கடிதத்தின் கடைசியில் என் வாய்க்கொழுப்பு சும்மா இருக்கவில்லை. 'சார், சாவியும் இல்லாமல், ஆபீஸ் கம்ப்யூட்டரும் இல்லாமல், மலையில் உட்கார்ந்துகொண்டே முழு வேலையையும் முடித்துவிட்டேன். இனி இப்படியும் செய்யலாம்' என்று எழுதினேன். அந்த வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுத்தான் அனுப்பினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு சாரிடமிருந்து போன் வந்தது. நான் பாறை மேல் இருந்தேன். காற்றில் தூக்கிய தகரத்தைக் கட்டுவதற்காக அப்பாவும் வந்திருந்தார். காற்றில் சரியாகக் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, பிரமாதம்! கஸ்டமர் நேர்லயே வந்து சொல்லிட்டுப் போறாரு. இதை யாரும் கண்டுபிடிக்கலையாம்."

அப்பா கம்பியை முறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

"உன் லெட்டரையும் படிச்சேன்" என்றார் சார். "எனக்கு அது தோணவே இல்ல பாரு. நீ சொன்னதுதான் சரி. அங்கிருந்தே இவ்வளவு சுத்தமாப் பண்ண முடியுதுன்னா நீ எதுக்கு விடுதியில கெடந்து கஷ்டப்படோணும்? அடுத்த மாசத்துலருந்து நீ அங்கயே இருந்து பண்ணு. வேலை அனுப்பி வைக்கறேன். இங்கயும் எடம் பத்தல. அந்தப் புது ஆளையும் சேத்துக்கிட்டேன், உன் டேபிளை அவருக்குக் குடுத்துட்டேன்."

அவர் சொன்னது புரிந்ததும் முதலில் வாயில் வந்தது சிக்னல்தான். சிக்னல் சரியில்லை சார், ஒவ்வொரு தடவையும் இப்படி நடக்காது சார், லேப்டாப் தாங்காது சார். எதைச் சொன்னாலும் அவர் ஒத்துக்கொண்டிருப்பார். வேலையோடு மேஜையையும் திரும்ப வாங்கிவிடலாம். "சார், இங்க சிக்னல்..." என்று ஆரம்பித்தேன்.

அப்பா என் கையிலிருந்த போனுக்குக் குனிந்துவிட்டார்.

"ஐயா, வணக்கமுங்க. நான் அவுங்கப்பனுங்க. சிக்னலுக்கு ஒண்ணும் கவலை வேண்டாமுங்க. ஊட்டு மேலயே கம்பம் நட்டு, இழுக்கறதையெல்லாம் இழுத்துக் குடுத்தர்றேனுங்க. கரண்டுக்கும் ஏற்பாடு பண்ணிர்றேனுங்க. ஒரு நாளுகூட உங்க வேலை நிக்காதுங்க."

"ரொம்ப நல்லதுங்க ஐயா. பொண்ணு கெட்டிக்காரிங்க. ஊட்டோட இருந்தா உங்களுக்கும் ஒத்தாசைதானுங்களே."

"ஆமாங்க. மூணு வருஷமா அதைத்தானுங்க சாமிகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் இன்னும் இரண்டு வார்த்தை பேசினார்கள். விடுதியைக் காலி செய்ய அடுத்த வாரம் அப்பாவே வந்து சாமான்களை எடுத்துக்கொள்வார் என்பதுவரை முடிவாகிவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை. அந்தப் பேச்சில் எனக்கு இருந்த பங்கு அவ்வளவுதான். சார் வைத்துவிட்டார்.

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பி முறுக்கிய கையால் என் தலையைத் தடவினார். "சந்தோஷந்தான சாமி?" என்றார்.

"ஆமாங்கப்பா" என்றேன்.

அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, அவரும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.